எடிட்டரின் மஞ்சள் நெளிகோடும் உலாவிக்கே உரிய சிஎஸ்எஸ் பண்புகளும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செய்தித் தளம் ஒன்றின் முகப்பில், நீளமான தலைப்புகளை மூன்று வரியோடு நிறுத்தி முப்புள்ளியால் முடிக்க வேண்டும். அதற்கு, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் இன்றைக்கும் எல்லோரும் எழுதுவது இதைத்தான்:

.தலைப்பு {
  டிஸ்ப்ளே: -வெப்கிட்-பாக்ஸ்;
  -வெப்கிட்-பாக்ஸ்-ஓரியன்ட்: வெர்ட்டிகல்;
  -வெப்கிட்-லைன்-கிளாம்ப்: 3;
  ஓவர்ஃப்ளோ: ஹிடன்;
}

பண்புகளின் பெயர்களை இந்தக் கட்டுரை முழுவதும் ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். உங்கள் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்; ஹைபன்கள் இருக்கிற இடம் மாறக் கூடாது.

மேலே உள்ள நான்கு வரிகளும் குரோம், எட்ஜ், சஃபாரி மூன்றிலும் வேலை செய்கின்றன. 2019 ஜூலையில் வெளிவந்த 68ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸும் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் அதே கோப்பைத் திறந்தால் லைன்-கிளாம்ப் வரியின் கீழ் மஞ்சள் நெளிகோடு விழுகிறது. புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கோட்டைப் பார்த்துப் பயந்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வரியை அழிக்கிறார்கள். அல்லது எங்கோ படித்த யோசனையின்படி சிஎஸ்எஸ் சரிபார்ப்பையே ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். இரண்டில் மோசமானது பின்னதுதான். ஒரு கோட்டை மறைப்பதற்காகச் செய்த காரியத்தால், அதன் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு எழுத்துப்பிழையையும் எடிட்டர் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

எடிட்டர் சொல்வது ஒரு தீர்ப்பு, உலாவி செய்வது இன்னொரு தீர்ப்பு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எச்சரிக்கை யாரிடமிருந்து வருகிறது, எதைப் பற்றி வருகிறது என்று பார்த்துவிட்டு, தேவைப்படும் விதிவிலக்கை எவ்வளவு குறுகலாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு குறுகலாகக் கொடுப்பதே சரியான வழி. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம். எடிட்டர் என்று நான் சொல்வது பெரும்பாலும் விஎஸ் கோடைத்தான்.

முன்னொட்டுகள் ஏன் இருக்கின்றன

ஹைபனில் தொடங்கும் பெயர்கள் சட்டவிரோதமானவை அல்ல. 2011 ஜூனில் இறுதி வடிவம் பெற்ற சிஎஸ்எஸ் 2.1 தரநிலையே அவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது: ஹைபனிலோ அடிக்கோட்டிலோ தொடங்கும் பெயரைத் தரநிலைப் பண்புகளுக்கு வைப்பதில்லை, உலாவிகளைத் தயாரிப்பவர்கள் தங்கள் சோதனை முயற்சிகளுக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அப்படி வந்தவைதான் -வெப்கிட்-, -மோஸ்-, -எம்எஸ்-, -ஓ- போன்ற முன்னொட்டுகள். இரட்டை ஹைபனில் தொடங்குவது முற்றிலும் வேறு; அது நீங்களே பெயர் வைத்துக்கொள்ளும் மாறி. புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கு என்று வந்த முன்னொட்டுகளை ஆயிரக்கணக்கான தளங்கள் நேரடிப் பயன்பாட்டுக்கே எடுத்துக்கொண்டன. குறிப்பாக, கைபேசிக்கான பக்கங்களை -வெப்கிட்- முன்னொட்டை மட்டும் வைத்து எழுதினார்கள். வேறு வழியின்றி மோஸில்லாவே 2016 செப்டம்பரில் வெளியிட்ட ஃபயர்ஃபாக்ஸ் 49இல் பல -வெப்கிட்- பெயர்களை ஏற்கத் தொடங்கியது. குரோமில் பக்கத்தை வரைந்து காட்டும் பிளிங்க் எஞ்சின் 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து வந்தபோதே, புதிய அம்சங்களை இனி முன்னொட்டோடு வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஆகவே முன்னொட்டுகளின் எண்ணிக்கை இனிமேல் பெரிதாகக் கூடப் போவதில்லை. இருப்பவை மட்டும் சுலபத்தில் போகாது.

எடிட்டர் இந்த வரலாறு எதையும் அறியாது. அதனிடம் இருப்பது ஒரு பட்டியல். விஎஸ் கோடின் பட்டியல், வலைத் தொழில்நுட்பங்களை விளக்கும் எம்டிஎன் ஆவணத் தொகுப்பின் தரவிலிருந்து உருவாக்கப்படுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று ஆகிவிடாது அல்லவா? இதுவும் அப்படித்தான்.

முதல் படி: யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

நெளிகோட்டின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஒரு சிறிய பெட்டி விரியும். அதில் உள்ள வாக்கியத்தை எல்லோரும் படிக்கிறார்கள். வாக்கியத்தின் கடைசியில் இருக்கும் இரண்டு சொற்களைப் பலர் படிப்பதில்லை. உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டும்தான். முதல் சொல் எச்சரிக்கையை எழுப்பிய கருவியின் பெயர். அடைப்புக்குறிக்குள் இருப்பது விதியின் பெயர். நம் எடுத்துக்காட்டில் ‘சிஎஸ்எஸ்’ என்றும் ‘வெண்டர்பிரிஃபிக்ஸ்’ என்றும் இருக்கும். விஎஸ் கோடுடன் சேர்ந்தே வரும் சரிபார்ப்பி பேசுகிறது, முன்னொட்டு பற்றிய விதியைச் சொல்கிறது என்று பொருள். முதல் சொல் ‘ஸ்டைல்லின்ட்’ என்று இருந்தால், பேசுவது நீங்களோ உங்கள் குழுவோ நிறுவிய வேறொரு கருவி. அதன் அமைப்புகள் வேறு கோப்பில் இருக்கும். ஒன்றின் அமைப்பை மாற்றிவிட்டு மற்றதன் கோடு ஏன் மறையவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நேரம் தின்னும் சிக்கல்.

கோப்பில் எச்சரிக்கைகள் நிறைய இருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கீழே திறக்கும் பலகத்தில் எல்லாம் வரிசையாக இருக்கும். சிவப்பாக இருப்பவற்றை முதலில் கவனியுங்கள். சிவப்பு என்றால் பெரும்பாலும் இலக்கணமே உடைந்திருக்கிறது: மேல் வரியில் அரைப்புள்ளி விடுபட்டிருக்கும், அல்லது ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் கிடக்கும். அதைச் சரிசெய்தாலே அதற்குக் கீழே இருந்த பாதிக் கோடுகள் தாமாக மறைவதுண்டு. மஞ்சளைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

இரண்டாம் படி: உலாவியைக் கேளுங்கள்

பக்கத்தை உலாவியில் திறந்து எஃப்12 அழுத்துங்கள். அந்த உறுப்பைத் தேர்ந்தெடுத்து ஸ்டைல்ஸ் பலகத்தைப் பாருங்கள். ஒரு பண்பின் மேல் கோடு கிழித்திருந்தால் அவசரப்பட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். கோட்டோடு மஞ்சள் முக்கோணமும் இருந்தால்தான் உலாவி அந்தப் பண்பையோ மதிப்பையோ புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். முக்கோணம் இல்லாமல் கோடு மட்டும் இருந்தால், உலாவிக்குப் புரிந்திருக்கிறது. வேறொரு விதி அதை மேலெழுதிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

சந்தேகமே வேண்டாம் என்றால், எஃப்12 அழுத்தித் திறந்த அதே கருவியின் கன்சோல் தாவலில் நேரடியாகக் கேட்டுவிடலாம்:

சிஎஸ்எஸ்.சப்போர்ட்ஸ்("-வெப்கிட்-லைன்-கிளாம்ப்", "3")

முதலில் வரும் சிஎஸ்எஸ் என்பதன் மூன்று எழுத்துகளையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ‘ட்ரூ’ என்று பதில் வந்தால் உலாவிக்கு அந்தப் பண்பும் மதிப்பும் தெரியும். ‘ஃபால்ஸ்’ என்றால் தெரியாது. குரோமில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் கேளுங்கள். ஐபோன் உள்ளவர்கள் குரோம் செயலியில் பார்த்தாலும், அங்கே உள்ளே ஓடுவது வெப்கிட் எஞ்சின்தான்.

மூன்றாம் படி: அந்த வரி எந்த வகை என்று தீர்மானியுங்கள்

வேலையின் மையம் இந்தப் படிதான். அமைப்புகளை எங்கே மாற்றுவது என்பதெல்லாம் இதன் பிறகு வரும் எளிய காரியம்.

சில முன்னொட்டுகளின் காலம் முடிந்துவிட்டது. பார்டர்-ரேடியஸ், பாக்ஸ்-ஷேடோ, டிரான்சிஷன் போன்றவை முன்னொட்டு இல்லாமலேயே எல்லா உலாவிகளிலும் பல வருடங்களாக ஓடுகின்றன. அவற்றின் முன் -வெப்கிட்-, -மோஸ்- போட்ட வரிகளைக் கண்டால் தயங்காமல் அழியுங்கள். பழைய பயிற்சிக் கட்டுரைகளிலிருந்து நகலெடுத்த நிரலில் இவை புல்லாக மண்டியிருக்கும்.

வேறு சில பண்புகளுக்கு முன்னொட்டும் வேண்டும், தரநிலைப் பெயரும் வேண்டும். யூசர்-செலக்ட் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: மற்ற உலாவிகள் வெறும் பெயரையே ஏற்கின்றன; சஃபாரிக்கு -வெப்கிட்-யூசர்-செலக்ட் என்றே எழுத வேண்டியிருக்கிறது. பேக்டிராப்-ஃபில்டரை எடுத்துக்கொண்டால், 2024 செப்டம்பரில் வந்த சஃபாரி 18 முதல் முன்னொட்டு தேவையில்லை. பழைய ஐபோன்களை ஆதரிக்கும் தளங்களுக்குத் தேவை. இந்த வகையில் எடிட்டரின் எச்சரிக்கை நூற்றுக்கு நூறு நியாயமானது. முன்னொட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறீர்கள், தரநிலைப் பண்பையும் சேருங்கள் என்கிறது. சேர்த்துவிடுங்கள்.

சேர்க்கும்போது வரிசை முக்கியம். முன்னொட்டு உள்ள வரி மேலே, தரநிலை வரி கீழே. இரண்டையும் புரிந்துகொள்ளும் உலாவி பின்னால் வருவதையே எடுத்துக்கொள்ளும். விஎஸ் கோடு இந்த வரிசையைச் சரிபார்ப்பதில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான பண்புகளில் வரிசை மாறினாலும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு வராது என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. கிரேடியன்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். -வெப்கிட்-லீனியர்-கிரேடியன்ட்டில் ‘டாப்’ என்று எழுதினால் நிறம் மேலிருந்து தொடங்குகிறது என்று பொருள். தரநிலையில் அதையே ‘டு பாட்டம்’ என்று எழுத வேண்டும். அங்கே சொல்வது தொடங்கும் இடத்தை அல்ல, போகும் திசையை. கோணங்களும் வேறு. முன்னொட்டு உள்ள வடிவில் 0 டிகிரி வலப்பக்கம் பார்க்கும், தரநிலையில் மேல்நோக்கிப் பார்க்கும். ஆகவே முன்னொட்டை அழித்துவிட்டு மதிப்பை அப்படியே விட்டால் நிறக்கலவை திரும்பிக்கொள்ளும், அல்லது உலாவி வரியையே தூக்கி எறிந்துவிடும்.

அடுத்தது, முன்னொட்டோடு மட்டுமே வாழும் பண்புகள். -வெப்கிட்-டேப்-ஹைலைட்-கலர், மேக் கணினிகளில் மட்டும் பலன் தரும் -வெப்கிட்-ஃபான்ட்-ஸ்மூதிங், எழுத்துக்கு விளிம்புக்கோடு போடும் -வெப்கிட்-டெக்ஸ்ட்-ஸ்ட்ரோக் எல்லாம் இந்த வகை. நம் லைன்-கிளாம்ப்பும் நடைமுறையில் இங்கேதான் சேரும். முன்னொட்டு இல்லாத லைன்-கிளாம்ப் தரநிலை வரைவில் இருக்கிறது. எடிட்டர் அதைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறது. ஆனால் உங்கள் தலைப்பை வெட்டுவது முன்னொட்டு உள்ள வரி. இங்கே என் பரிந்துரை: -வெப்கிட்-லைன்-கிளாம்ப் வரிக்குக் கீழே லைன்-கிளாம்ப்: 3 என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை அறியாத உலாவி தாண்டிப் போய்விடும். எடிட்டரின் கோடும் மறையும், எந்த அமைப்பையும் தொட வேண்டியதில்லை. மேலே உள்ள மூன்று வரிகளையும் மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்துத் தந்திரங்கள் தனி இனம். பண்பின் முன் நட்சத்திரக் குறி போட்டால் ஏழாம் பதிப்பும் அதற்கு முந்தையவையும் மட்டும் படிக்கும். அடிக்கோடு போட்டால் ஆறாம் பதிப்பும் அதற்கு முந்தையவையும் மட்டும் படிக்கும். மற்ற உலாவிகள் பிழை என்று கருதி ஒதுக்கிவிடும். அந்த ஒதுக்கலை நம்பித்தான் அந்தக் காலத்தில் தளங்களையே கட்டினார்கள். விஎஸ் கோடு இவற்றுக்கு இயல்பாக எச்சரிக்கை தருவதில்லை. ஐஇஹேக் என்ற விதி இருக்கிறது, ஆனால் அணைந்த நிலையில் வருகிறது. ஃபில்டர் பண்பில் ப்ரோக்ஐடி என்று தொடங்கி முக்காற்புள்ளியும் புள்ளிகளுமாக நீளும் மைக்ரோசாஃப்ட் தொடரையும் அது தனியாக அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ளும். நடுவில் வரும் இன்னொரு முக்காற்புள்ளியைக் கண்டு தடுமாறுகிற எடிட்டர்களும் உண்டு. கோடு சிவப்பாக வந்தாலும் அங்கே குற்றம் நிரலில் இல்லை.

அந்தத் தொடரில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. எக்ஸ்ப்ளோரர் கிரேடியன்ட்டில் எட்டு இலக்க நிறக் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்கள் ஒளிபுகும் அளவைக் குறிக்கின்றன. இன்றைய தரநிலையில் அது கடைசி இரண்டு இலக்கங்களில் இருக்கிறது. அதாவது #80000000 என்பது எக்ஸ்ப்ளோரருக்குப் பாதி ஒளிபுகும் கருப்பு. இன்றைய சிஎஸ்எஸ்ஸுக்கு முழுக்க ஒளிபுகும், கண்ணுக்கே தெரியாத நிறம். அந்தக் குறியீட்டைப் புதிய பண்புக்கு அப்படியே மாற்றி ஒட்டினால் பின்னணி காணாமல் போகும். எடிட்டர் அருகே சிறிய நிறப் பெட்டி காட்டினாலும் அது தரநிலைக் கணக்குதான்.

இவற்றை வைத்துக்கொள்வதா, அழிப்பதா? பொதுமக்களுக்கான தளம் என்றால் அழியுங்கள். டெஸ்க்டாப் கணினிகளுக்கான எக்ஸ்ப்ளோரர் 11இன் ஆதரவு 2022 ஜூன் 15 அன்று முடிந்தது. எட்ஜ் உலாவிக்குள் எக்ஸ்ப்ளோரர் முறை குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆகவே வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ உள்ளே மட்டும் ஓடும் பழைய செயலியைப் பராமரிப்பவர், அழிக்கும் முன் பயன்படுத்துகிறவர்களைக் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக, உலாவிக்குச் சம்பந்தமே இல்லாதவை. மின்னஞ்சல் வார்ப்புருக்களில் எம்எஸ்ஓ-லைன்-ஹைட்-ரூல் போன்ற பண்புகளைப் பார்ப்பீர்கள். விண்டோஸில் நிறுவும் வழக்கமான அவுட்லுக், 2007 பதிப்பு முதல் மின்னஞ்சலை வேர்டின் எஞ்சின் கொண்டு காட்டுவதால் வந்த பெயர்கள் இவை. இவை ஹைபனில் தொடங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். அதனாலேயே விஎஸ் கோடு இவற்றை முன்னொட்டு என்று கருதாமல், ‘தெரியாத பண்பு’ என்று மஞ்சள் கோடு போடும். மாறாக, ஜாவா மொழியில் செயலிகளின் திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஎஃப்எக்ஸின் -எஃப்எக்ஸ்- பண்புகள் ஹைபனில் தொடங்குவதால் கோடு இல்லாமல் தப்பித்துவிடும். இரண்டும் உலாவிக்குத் தெரியாதவைதான். ஒரு ஹைபன் மட்டும் எடிட்டரின் தீர்ப்பை மாற்றிவிடுகிறது.

நான்காம் படி: குறுகலான விதிவிலக்கு

கன்ட்ரோலும் காற்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் அமைப்புகள் திறக்கும். மேலே ‘யூசர்’, ‘ஒர்க்ஸ்பேஸ்’ என்று இரண்டு தாவல்கள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே செய்யும் மாற்றம் திட்டத்தின் .விஎஸ்கோடு கோப்புறையில் உள்ள செட்டிங்ஸ்.ஜேசன் கோப்பில் பதிவாகும். நிரல் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கருவியான கிட் வழியாகக் குழுவினர் எல்லோருக்கும் போய்ச் சேரும். யூசர் தாவலில் மாற்றினால் உங்கள் கணினியில் மட்டும் கோடு மறையும், பக்கத்து மேசைக்காரருக்கு மறையாது. அங்கிருந்துதான் வீண் வாக்குவாதங்கள் தொடங்குகின்றன.

தேடல் பெட்டியில் சிஎஸ்எஸ்.லின்ட் என்று தேடினால் விதிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள்: இக்னோர், வார்னிங், எரர். எம்எஸ்ஓ போன்ற பண்புகளுக்கு நீங்கள் தேட வேண்டியது ‘வேலிட் ப்ராப்பர்ட்டீஸ்’ என்ற பட்டியல். எந்தெந்தப் பெயர்களை அனுமதிக்கலாம் என்று அதில் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ‘அன்நோன் ப்ராப்பர்ட்டீஸ்’ விதியை அப்படியே இக்னோர் ஆக்கினாலும் கோடு மறையும்தான். ஆனால் மார்ஜின் என்பதில் ஓர் எழுத்தை விட்டாலும் அதன் பிறகு எச்சரிக்கை வராது. ஐந்து பெயர்களைப் பட்டியலில் எழுத இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

பின்னர் சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் எஸ்சிஎஸ்எஸ் அல்லது லெஸ் கோப்புகளில் வேலை செய்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவற்றுக்கு எஸ்சிஎஸ்எஸ்.லின்ட், லெஸ்.லின்ட் என்று தனித்தனி அமைப்புகள் உண்டு. சிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றியது அவற்றுக்குப் பொருந்தாது.

பெயர்களை அனுமதித்தால் மட்டும் போதாது, தட்டச்சு செய்யும்போது எடிட்டரே அவற்றை எடுத்துத் தரவும் வேண்டும் என்றால் ‘கஸ்டம் டேட்டா’ என்ற வசதி இருக்கிறது. ஒரு சிறிய ஜேசன் கோப்பில் பண்புகளின் பெயர்களையும் விளக்கங்களையும் எழுதி, அதன் பாதையை சிஎஸ்எஸ்.கஸ்டம்டேட்டா அமைப்பில் கொடுத்தால், எடிட்டர் தன் பட்டியலோடு அதையும் சேர்த்துக்கொள்ளும். விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம்; சுட்டியை வைத்தால் அந்த விளக்கம் தோன்றும். @ குறியில் தொடங்கும், எடிட்டருக்குத் தெரியாத விதிகளுக்கும் இதே வழிதான். டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் தொகுப்பின் @அப்ளை மீது வரும் மஞ்சள் கோட்டுக்கும் இது பொருந்தும், அது உலாவி விவகாரம் இல்லை என்றாலும்.

ஸ்டைல்லின்ட்டும் ஆட்டோபிரிஃபிக்ஸரும் இருந்தால்

பெரிய திட்டங்களில் இந்த இரண்டும் இருக்கும். இருக்கிறதா என்று பேக்கேஜ்.ஜேசன் கோப்பைத் திறந்து பாருங்கள். ஆட்டோபிரிஃபிக்ஸர் இருந்தால் உங்கள் கடமை எளிது: தரநிலைப் பண்பை மட்டும் எழுதுங்கள். எந்தெந்த உலாவிகளை ஆதரிக்க வேண்டும் என்ற பட்டியல் பெரும்பாலும் .பிரவுசர்ஸ்லிஸ்ட்ஆர்சி கோப்பில் இருக்கும். அதற்கேற்ப முன்னொட்டுகளைக் கருவியே சேர்க்கும், காலாவதியானவற்றை நீக்கும்.

அந்த நீக்கும் குணம் சில நேரம் காலை வாரும். ஆட்டோபிரிஃபிக்ஸரின் பழைய பதிப்புகள் -வெப்கிட்-பாக்ஸ்-ஓரியன்ட் வரியைக் காலாவதியானது என்று எண்ணி அழித்துவிடும். எடிட்டரில் நிரல் முழுதாக இருக்கும். உலாவிக்குப் போகும் கோப்பில் அந்த ஒரு வரி இருக்காது. தலைப்பு வெட்டுப்படாமல் நீண்டுகொண்டே போகும். எஃப்12 அழுத்திப் பார்த்தால் மட்டுமே புலப்படும். அந்த வரிக்கு மேலே ‘ஆட்டோபிரிஃபிக்ஸர்: இக்னோர் நெக்ஸ்ட்’ என்று ஒரு குறிப்புரை எழுதினால் கருவி அடுத்த வரியைத் தொடாது.

ஸ்டைல்லின்ட்டுக்குப் பரவலாகப் பயன்படுத்தும் ‘ஸ்டாண்டர்ட்’ விதித் தொகுப்பு விஎஸ் கோடுக்கு நேர் எதிராகப் பேசும். முன்னொட்டோடு தரநிலையையும் எழுது என்கிறது எடிட்டர். முன்னொட்டே வேண்டாம் என்கிறது இது. ஆட்டோபிரிஃபிக்ஸர் இருக்கும் திட்டத்தில் ஸ்டைல்லின்ட் சொல்வதைக் கேளுங்கள். அந்தத் தொகுப்பிலும் -வெப்கிட்-பாக்ஸ் மதிப்புக்கு விதிவிலக்கு முன்கூட்டியே கொடுத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். லைன்-கிளாம்ப் வேலைக்கு அதைத் தவிர்க்க முடியாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. வேறு இடத்தில் விலக்கு தேவைப்பட்டால், கோப்பு முழுவதற்கும் விதியை அணைக்காமல், ‘ஸ்டைல்லின்ட்-டிசேபிள்-நெக்ஸ்ட்-லைன்’ என்ற குறிப்புரையோடு விதியின் பெயரை எழுதுங்கள். அதன் பின் இரண்டு ஹைபன் போட்டுக் காரணத்தையும் எழுதலாம். எழுதுங்கள்.

சிஎஸ்எஸ் சரிபார்ப்பு முழுவதற்குமான சிஎஸ்எஸ்.வேலிடேட் அமைப்பை அணைப்பது நியாயமாகும் இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். விஎஸ் கோடுக்கான ஸ்டைல்லின்ட் நீட்சியை உருவாக்கியவர்களே, ஒரே பிழைக்கு இரண்டு கோடுகள் விழாமல் இருக்க உள்ளமைந்த சரிபார்ப்பை அணைக்கச் சொல்கிறார்கள். அங்கே காவலுக்கு இன்னொருவர் இருக்கிறார். ஸ்டைல்லின்ட் இல்லாத திட்டத்தில் அதே காரியத்தைச் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: கோடு விழாத பிழைகள்

எடிட்டரின் மௌனம் சம்மதம் அல்ல. முன்னொட்டு உலகில் மிக மோசமான பிழைகள் மஞ்சள் கோடு இல்லாமலேயே நடக்கின்றன.

-வெப்கிட்-லைன்-கிளாம்ப்பில் ஓர் எழுத்தைத் தவறவிட்டுப் பாருங்கள். விஎஸ் கோடு ஒன்றும் சொல்லாது. ஹைபனில் தொடங்கும் தெரியாத பெயர்களைப் பற்றிய விதி இயல்பாக இக்னோர் நிலையில் இருப்பதுதான் காரணம். அமைப்புகளில் ‘அன்நோன் வெண்டர் ஸ்பெசிஃபிக் ப்ராப்பர்ட்டீஸ்’ என்று தேடி அதை வார்னிங் ஆக்குங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஓர் அமைப்பைத்தான் மாற்றப்போகிறீர்கள் என்றால் இதை மாற்றுங்கள். பட்டியலில் இல்லாத நல்ல பெயர் ஏதாவது சிக்கினால் அதை வேலிட் ப்ராப்பர்ட்டீஸில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் செலக்டர்களைக் காற்புள்ளி போட்டுச் சேர்ப்பது. ரேஞ்ச் வகை உள்ளீட்டின் நகர்த்தும் குமிழுக்குக் குரோமில் ::-வெப்கிட்-ஸ்லைடர்-தம்ப் என்று பெயர், ஃபயர்ஃபாக்ஸில் ::-மோஸ்-ரேஞ்ச்-தம்ப் என்று பெயர். இரண்டுக்கும் ஒரே நிறம்தானே என்று ஒரே விதியில் சேர்த்து எழுதுவது இயல்பாகத் தோன்றும்:

::-வெப்கிட்-ஸ்லைடர்-தம்ப்,
::-மோஸ்-ரேஞ்ச்-தம்ப் {
  பேக்ரவுண்ட்: டீல்;
}

குரோமில் இது வேலை செய்யாது. பட்டியலில் உள்ள ஒரு செலக்டர் புரியாவிட்டாலும் விதி முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்பது சிஎஸ்எஸ் தரநிலை; குரோமுக்கு -மோஸ்- பெயர் புரியாது. பண்பு புரியாவிட்டால் அந்த ஒரு வரிதான் போகும், செலக்டர் புரியாவிட்டால் அடைப்புக்குள் உள்ள எல்லாமே போகும். எடிட்டர் இரண்டு பெயர்களையும் அறியும் என்பதால் கோடு போடாது. தனித்தனி விதிகளாக எழுதுங்கள். ஒரே வரிகளை இருமுறை எழுதுவது உறுத்தினால் நிறத்தையும் அளவையும் மாறிகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரோல்பார் மூன்றாவது. பல தளங்களில் ::-வெப்கிட்-ஸ்க்ரோல்பார் கொண்டு அழகுபடுத்தியிருப்பார்கள். ஸ்க்ரோல்பார்-கலர், ஸ்க்ரோல்பார்-விட்த் ஆகிய தரநிலைப் பண்புகளை ஃபயர்ஃபாக்ஸ் 64ஆம் பதிப்பிலிருந்தும் குரோம் 121ஆம் பதிப்பிலிருந்தும் ஏற்கின்றன. ஃபயர்ஃபாக்ஸுக்காக என்று எண்ணி அவற்றையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, குரோம் 121 வந்ததும் அழகு போய்விட்டது. தரநிலைப் பண்பைக் கண்டால் குரோம் -வெப்கிட்- விதிகளைக் கண்டுகொள்வதில்லை. இரண்டு வடிவமும் வேண்டும் என்றால் உலாவி ஆதரித்தால் மட்டும் பொருந்தும் @சப்போர்ட்ஸ் நிபந்தனைக்குள் பிரித்து வையுங்கள்.

ஆறாம் படி: களையெடுப்பு

திட்டம் முழுவதிலும் தேட கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப். முதலில் -ஓ- என்று தேடுங்கள். ஓபரா 2013இல் தன் பழைய பிரெஸ்டோ எஞ்சினைக் கைவிட்டு, குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. அந்த முன்னொட்டுக்கு இன்று ஆளே இல்லை. தேடும்போது ஆப்ஜெக்ட் பண்புகளின் பெயர்களோடு மோதாமல் இருக்க ஹைபனோடு சேர்த்துத் தேடுங்கள். அடுத்து -எம்எஸ்-. எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறிவிட்டதால் இதில் பெரும்பகுதியும் போய்விடலாம். -மோஸ்- விஷயத்தில் நிதானம் தேவை. ரேஞ்ச் குமிழ் போன்ற சில பெயர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டாம் படியில் சொன்னபடி உலாவியிடம் கேட்ட பிறகே அழியுங்கள். அழித்ததைக் கிட்டில் ஒரு தனிப் பதிவாக (கமிட்) பதியுங்கள். வேறு மாற்றங்களோடு கலக்காமல் இருந்தால், எங்கோ ஒரு பக்கம் உடைந்தாலும் திரும்பப் பெறுவது சுலபம்.

விட்டுவைக்கும் வரிகளுக்கு மேலே எதற்காக வைத்திருக்கிறீர்கள், எப்போது அழிக்கலாம் என்று ஒரு குறிப்புரை எழுதுங்கள். பேக்டிராப்-ஃபில்டருக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: ‘சஃபாரி 18க்கு முந்தைய பதிப்புகளுக்காக, நமது குறைந்தபட்ச ஆதரவு 18 ஆனதும் அழிக்கலாம்.’